ஏரிக்கரை யாஷிகா: பூஞ்சை துடைத்ததிலிருந்து படம் கைக்குப் போனது வரை

கேமரா யாஷிகா-டி. 1958இல் வந்த மாடல். இரட்டை லென்ஸ், மேலே உள்ளது பார்க்க, கீழே உள்ளது பிடிக்க. 120 ரோலில் 6×6 சென்டிமீட்டரில் பன்னிரண்டு படம். 80 மி.மீ. எஃப் 3.5 யாஷிகோர் லென்ஸ், மூன்றே கண்ணாடி. எஃப் என்பது வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சிறிதாகும். காப்பல் ஷட்டர், 1 நொடியிலிருந்து 1/500 வரை. பேட்டரியே கிடையாது, அதனால் கெட்டுப்போக எலெக்ட்ரானிக்ஸும் கிடையாது.

பெரியப்பா இதை வைத்துத்தான் ஏற்காடு ஏரிக்கரையில் சுற்றுலா வந்தவர்களைப் படமெடுத்துப் பிழைத்தார். படம் அன்றைக்கே கைக்கு வராது. விலாசத்தை நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, கழுவிப் பிரிண்ட் போட்டு, தபால்காரர் மடக்கிவிடாதபடி உள்ளே ஒரு அட்டை வைத்து அனுப்புவார். தொழிலை விட்ட பிறகு கேமரா தோல் உறைக்குள் போய் பீரோவில் உட்கார்ந்துவிட்டது.

என்னிடம் வந்தபோது இருந்த கோலம்: கீழ் லென்ஸுக்குள் சிலந்தி வலை கட்டினாற்போல் பூஞ்சை. 1/30க்குக் கீழே எந்த வேகமும் நம்பும்படி இல்லை. பின்கதவு ஓரத்தில் வெளிச்சம் புகாமல் இருக்க வைத்த அடைப்பு கரிப்பிசினாகிக் கையில் ஒட்டியது. ஃபோகஸ் குமிழ் இறுக்கம். படம் சுற்றும் கியர் மட்டும் புதிது போல ஓடியது.

வேலையைத் தொடங்குமுன் ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்தேன். பழைய கேமராவில் எடுத்த படம் என்று ஆட்கள் காட்டுவதில் பாதிக்கு மேல் சிவப்புக் கசிவும் தூசியும் கீறலும்தான். அதையே 'பழைய லுக்' என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு அது ஒத்துவராது. ஓரம் கொஞ்சம் மங்குவது, எதிர்வெளிச்சத்தில் படம் வெளுப்பது, இவை லென்ஸின் குணம். அப்படியே இருக்கட்டும். வெளிச்சக் கசிவு, பூஞ்சை, தண்ணீர்க் கறை, தூசி எல்லாம் அழுக்கு. ஏரிக்கரையில் இந்தக் கேமரா ஓடிய காலத்தில் கசிவோடு ஒரு படம் போயிருந்தால் காசு திரும்பக் கேட்டிருப்பார்கள். குணத்தை விட்டுவிட்டு அழுக்கை மட்டும் எடுப்பது என்பதுதான் திட்டம்.

பூஞ்சையும் ஷட்டரும்

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் மேகம் வீட்டுக்குள்ளேயே வரும். தோல் உறை அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இருட்டும் காற்றோட்டம் இல்லாததும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும். மலையில் கேமரா வைத்திருப்பவர்கள் உறையை அலமாரியில் வைத்துவிட்டு, கேமராவை இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள். நீல ஜெல் ரோஸ் நிறமானால் வாணலியில் வறுத்துத் திரும்பப் போடலாம்.

முன் கண்ணாடித் தொகுதியை ரப்பர் கார்க்கை அழுத்திப் பிடித்துத் திருகினால் கழன்றுவிடுகிறது. இடுக்கியோ ஸ்க்ரூடிரைவரோ தேவையில்லை. மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் சம அளவு, காற்றோட்டமான இடத்தில், காது பட்ஸில் தொட்டு மையத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றித் துடைத்தேன். சில நிமிடம் ஊறவிட்டு டிஸ்டில்டு வாட்டர், கடைசியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால். பிளீச்சிங் திரவம் எதையும் இதன் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், நச்சுவாயு வரும்.

வலை போய்விட்டது. பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடிப் பூச்சை அரித்த இடத்தில் மயிரிழை போல ஒரு தடம் மட்டும் மிச்சம். அதைத் தேய்த்து எடுக்கப் பார்த்தால் பூச்சே போய்விடும். சாதாரண வெளிச்சத்தில் அது படத்தில் தெரியாது, அதனால் விட்டுவிட்டேன்.

ஷட்டர் இழுப்பதற்குக் காரணம் பழைய எண்ணெய் கெட்டியானது. இதழ்களில் எண்ணெயே இருக்கக் கூடாது. லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலில் பட்ஸை நனைத்து, ஷட்டரை ஏற்றித் தட்டி, மறுபடி துடைத்து, இதழில் ஈரப் பளபளப்பு நிற்கும் வரை இதே வேலை. மெதுவேகக் கியர்களுக்கும் ஒரு சொட்டு.

வேகத்தை அளக்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. போனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் இருந்தால் போதும். பின்கதவைத் திறந்து, லென்ஸுக்கு முன்னால் விளக்கை வைத்து, பின்னாலிருந்து வீடியோ எடுத்து, வெளிச்சம் தெரியும் ஃபிரேம்களை எண்ணுவது. 1/30 சரியாக இருந்தால் எட்டு ஃபிரேம். துடைப்பதற்கு முன் பன்னிரண்டு வந்தது, அதாவது நிஜத்தில் 1/20. துடைத்த பிறகு ஒன்பது. 1/125க்கு மேல் இந்த முறை எட்டாது. 1 நொடி இன்னும் இழுக்கிறது. எந்த எண்ணில் வைத்தால் நிஜத்தில் என்ன கிடைக்கிறது என்று சின்னச் சீட்டில் எழுதிக் கேமரா அடியில் ஒட்டியாயிற்று. வேகம் தப்பாக இருந்தால் பரவாயில்லை, எவ்வளவு தப்பு என்று தெரிந்தால் போதும்.

பின்கதவுப் பிசினை மூங்கில் குச்சியால் சுரண்டி, ஆல்கஹாலில் துடைத்து, பள்ளத்தில் கறுப்பு உல்லன் நூலை ஒட்டினேன். ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் சாதாரண நூல்தான். கசிவு எங்கிருந்து என்று கண்டுபிடிக்க நெகட்டிவின் ஓரத்தைப் பாருங்கள். கறுப்புப் படலம் சட்டத்தைத் தாண்டி ஓரம் வரை ஓடினால் பின்கதவு. சட்டத்துக்குள்ளேயே நின்றால் லென்ஸ் பக்கம். இரண்டு நீள ஓரங்களிலும் மட்டும் புகை மாதிரி இருந்தால் கேமரா மேல் குற்றமே இல்லை, ரோலைத் தளர்வாகச் சுற்றி வெளிச்சத்தில் எடுத்திருக்கிறீர்கள்.

இரண்டு லென்ஸும் ஒரே பேச்சு பேச

இரட்டை லென்ஸ் கேமராவில் யாரும் கவனிக்காத இடம் இதுதான். மேல் லென்ஸில் பளிச்சென்று தெரிவது கீழ் லென்ஸிலும் பளிச்சென்று விழ வேண்டும். கழற்றி மாட்டிய கேமராவில் அது தானாக நடக்காது. அது தப்பினால் எல்லாப் படமும் லேசாக மங்கும். பார்ப்பவர் 'பழைய லென்ஸ் அப்படித்தான்' என்று சொல்லிவிட்டுப் போவார். லென்ஸின் மேல் இப்படி விழும் பழிகளில் பாதி இந்த வகைதான்.

சோதிக்க ஃபிலிம் ஓடும் இடத்தில் ஒரு மங்கல் கண்ணாடி வைக்க வேண்டும். டிரேசிங் பேப்பர் வளையும், சரிப்படாது. சேலம் முதல் அக்ரஹாரம் பக்கம் படத்துக்குச் சட்டம் போடும் ஒரு கடையில் மெல்லிய கண்ணாடித் துண்டு இரண்டு வெட்டித் தந்தார்கள். கார்போரண்டம் பொடியைத் தண்ணீரில் குழைத்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து எட்டு வடிவில் அரைத்தால் ஒரு பக்கம் பால்வெள்ளையாக மங்கிவிடும். அரைத்த பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி, உள்பக்க ரெயில்களின் மேல் பதித்து ரப்பர் பேண்டு போட்டேன்.

அடுத்து தூரத்துப் பொருள் வேண்டும். அஸ்தம்பட்டி மொட்டை மாடியிலிருந்து வடக்கே சேர்வராயன் மலை சுவர் மாதிரி நிற்கிறது. பகலில் மலை விளிம்பு புகைந்து தெரியும், அதை வைத்து ஃபோகஸ் பார்ப்பது கண்ணுக்குத் தண்டனை. ராத்திரி அதே மலையில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி விளக்குகள் ஏறி இறங்கும். விளக்கு என்பது புள்ளி. புள்ளி சரியாக இருக்கிறதா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே நிற்கும் 'பி'யில் வைத்து, ஷட்டர் கேபிளைப் பூட்டி, எஃப் 3.5இல் முழுக்கத் திறந்து, லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் குமிழைத் திருப்பினால் விளக்கு ஊதி, சுருங்கி, ஊசிமுனையாகி, மறுபடி ஊதுகிறது. ஊசிமுனை ஆன இடத்தில் குமிழை நிறுத்திவிட்டு மேல் லென்ஸில் பார்த்தேன். அங்கே அதே விளக்கு இன்னும் ஒரு சின்னப் பொட்டாக இருந்தது. மேல் லென்ஸின் பூட்டுத் திருகைத் தளர்த்தி, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, திருப்பியதும் இரண்டும் ஒன்றாயின. பூட்டிவிட்டு வாசலில் நின்ற பைக்கின் நம்பர் பலகையை வைத்துக் கிட்டத் தூரத்தையும் பார்த்துக்கொண்டேன்.

மலையில்

ஏப்ரல், கோடை மழை ஒன்று பெய்து காபி பூத்திருந்த சமயம். காபிப்பூ சில நாள்தான் நிற்கும். அந்த நாட்களில் எஸ்டேட் முழுக்க மல்லிகை வாசம். ஃபிலிம் இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், கறுப்பு வெள்ளை, ஐ.எஸ்.ஓ. 400. சில்வர் ஓக் நிழலுக்குள் 1/60, எஃப் 5.6 என்று ஓடியது. மேகம் இறங்கினால் வெளிச்சம் அளக்கும் மீட்டர் வெள்ளையைப் பார்த்து ஏமாறும், ஒரு ஸ்டாப், அதாவது இருமடங்கு வெளிச்சம், கூடக் கொடுத்தேன்.

பூவைக் கிட்டத்தில் எடுக்கும்போது மேல் லென்ஸ் பார்க்கும் சட்டமும் கீழ் லென்ஸ் பிடிக்கும் சட்டமும் வேறு வேறு. கொம்பின் மேல்முனை வெட்டுப்படும். ஸ்டாண்டில் வைத்து ஃபோகஸ் பண்ணிவிட்டு, இரண்டு லென்ஸுக்கும் நடுவிலுள்ள இடைவெளி அளவுக்குக் கேமராவை உயர்த்தித் தட்டினால் சரி.

களை வெட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், நான் தலையைக் குனிந்து கேமராவின் மேல்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "எங்க சாமி பாக்குற, தரையையா புடிக்குற?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஷட்டரைத் தட்டியது அப்போதுதான். கண்ணில் கேமராவை வைத்துக் குறிபார்த்தால் விறைத்துவிடும் முகங்கள் இதற்கு விறைப்பதில்லை.

கழுவினது

டி-76 டெவலப்பரை நானே கலக்கினேன். லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். கோடாக் 1920களில் தந்த சூத்திரம், இன்னும் யாரும் இதைத் தோற்கடித்ததாகத் தெரியவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடையில் போராக்ஸ் என்றால் சிலர் முழிப்பார்கள், வெங்காரம் என்றால் உடனே எடுத்துத் தருவார்கள். பற்றவைக்க அதுதானே. 2 கிராம் மெட்டாலைச் சரியாக நிறுக்கும் தராசும் அதே தெருவில்தான். வெள்ளி வியாபாரம் நடக்கும் ஊரில் ஃபிலிம் கழுவுவது ஒரு வசதி. நெகட்டிவில் கறுப்பாக நிற்பதும் வெள்ளிதான். படத்தை நிலைநிறுத்தப் பயன்படுத்தி முடித்த ஹைப்போவில் கரைந்து இருப்பதும் வெள்ளிதான். அதைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து வைக்கிறேன்.

சுமார் 50 டிகிரி வெந்நீரில் முதலில் ஒரு சிட்டிகை சல்பைட், பிறகு மெட்டால், அது கரைந்த பிறகே மீதிச் சல்பைட். சல்பைட்டை மொத்தமாக முதலில் கொட்டினால் மெட்டால் கரைய அடம்பிடிக்கும்.

சேலத்து ஏப்ரலில் மேல்தொட்டித் தண்ணீர் குளிக்கவே சுடும். எச்பி5க்கு டி-76ஐத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்தால் 20 டிகிரியில் 11 நிமிடம். தண்ணீர் 30ஐத் தாண்டினால் நேரம் நான்கைந்து நிமிடத்துக்குள் சுருங்கிவிடும், அவ்வளவு குறைந்த நேரத்தில் வானம் திட்டுத்திட்டாக வரும். ஐஸ் போட்டு 20க்கு இழுத்தாலும் நடுவில் ஏறிக்கொண்டே போகும். மண்பானைத் தண்ணீர் 24 டிகிரி காட்டியது. அங்கேயே நின்றுவிட்டேன். டெவலப்பர், ஹைப்போ, அலசும் தண்ணீர் எல்லாமே பானை வெப்பத்தில், ஏழரை நிமிடம். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வெப்பம் குதிக்காமல் இருப்பதுதான் முக்கியம். குதித்தால் ஜெலட்டின் சுருங்கி வெடிக்கும்.

கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில். எங்கள் போர் தண்ணீர் காய்ந்தால் உப்புப் பொட்டு விடும். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியில் தூசி படிந்த பிறகு அங்கேயே கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன்.

ஏற்காட்டுப் படம் என்றதும் எல்லோரும் கேட்பது, காபியிலேயே கழுவலாமாமே என்று. கழுவலாம். வேலை செய்வது காஃபின் இல்லை, காபியில் உள்ள கஃபீயிக் அமிலம். 1995இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்து வகுப்பு ஒன்றில் வந்த யோசனை இது. இன்று பரவலாகப் புழங்கும் அளவு, லிட்டருக்கு இன்ஸ்டன்ட் காபி 40 கிராம், நீரற்ற வாஷிங் சோடா 54, வைட்டமின் சி 16. 20 டிகிரியில் 15 நிமிடம். சிக்கரி கலக்காததாகப் பாருங்கள், அரபிக்காவைவிட ரோபஸ்டா உத்தமம். ஒரு ரோலில் பண்ணிப் பார்த்தேன். படம் வருகிறது, கூடவே பழுப்புச் சாயமும், வீடு முழுக்க ஒரு மோசமான நாற்றமும். விருந்தாளிக்குக் காட்ட நன்றாயிருக்கும். காபிப்பூவின் வெள்ளையில் உள்ள நெளிவெல்லாம் வேண்டுமென்றால் வெங்காரத்தையே நம்புங்கள்.

நெகட்டிவிலிருந்து படம்

ஸ்கேனர் இல்லை. 24 மெகாபிக்சல் டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் வைத்துக் கீழ்நோக்கிப் படமெடுத்தேன். அடியில் டேப்லெட்டின் வெள்ளைத் திரை. திரையின் மேல் நேராக நெகட்டிவை வைத்தால் பிக்சல் கட்டங்கள் படத்தில் விழும். போர்டு எழுதும் கடையில் மிஞ்சிய பால்வெள்ளை அக்ரிலிக் துண்டை இரண்டு விரல்கடை உயரத்தில் நடுவே நிறுத்தியதும் கட்டம் கரைந்துவிட்டது. நெகட்டிவைக் கறுப்பு அட்டைச் சட்டத்தில் பிடித்தேன், சுற்றிலும் வெளிச்சம் கசியாமல். கண்ணாடியால் அழுத்தினால் வானவில் வளையங்கள் வரும்.

கேமரா நேராகக் கீழே பார்க்கிறதா என்று அறிய, நெகட்டிவ் இருக்கும் இடத்தில் ஒரு முகக் கண்ணாடியை வையுங்கள். கேமராத் திரையில் லென்ஸ் தன் பிம்பத்தையே நட்ட நடுவில் பார்த்தால் சரி. இதைச் செய்யாமல் நான்கு மூலையும் ஒரே கூர்மையாக வராது. பாவம், அதற்கும் யாஷிகோர்தான் திட்டு வாங்கும்.

நெகட்டிவின் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றியபின் தூசியையும் ஒரு பொட்டுக் கறையையும் எடுத்தேன். ஓர மங்கல், வெளுப்பு எதையும் தொடவில்லை. கூர்மை ஏற்றவில்லை. மேகத்துக்கு எதிராக எடுத்த படத்தில் அந்த மயிரிழைத் தடத்தால் ஒரு பக்கம் மெல்லிய பளபளப்பு இருந்தது. அது குணமா அழுக்கா என்று இன்னும் எனக்குள் வழக்கு நடக்கிறது. இப்போதைக்கு விட்டிருக்கிறேன்.

பெரியப்பாவுக்குப் போனில் காட்டினேன். இரண்டு விரலால் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "நடு நல்லா வந்திருக்குது கண்ணு. ஓரம் மங்குதுன்னா லென்ஸச் சொல்லாத, எஃப் எட்டுல வெச்சிருக்கணும். ஏரியில குரூப்பு எடுக்கறப்ப நான் பதினொண்ணுக்குக் கீழ வெச்சதே இல்ல." நிழலில் எஃப் 11 வைத்தால் 1/15 ஆகும், கை ஆடுமே என்றேன். "அதுக்குத்தான வெயில்ல நிக்க வெச்சேன்!"

கொடுத்தது

போனில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் நசுங்கிப்போகும், டாக்குமென்டாக அனுப்புங்கள். ஒவ்வொன்றின் கீழும் கேமரா, லென்ஸ், ஃபிலிம், வேகம், துவாரம், டெவலப்பர், வெப்பம், நேரம் எல்லாம் போட்டேன். அடுத்தவர் இதே கேமராவைக் கையில் எடுத்தால் உபயோகப்படுவது அந்த ஒரு வரிதான்.

எஸ்டேட்காரர்களுக்கு அந்த வரி எதற்கு, அவர்கள் கேட்டது பிரிண்ட். 6×4 அங்குலம் என்று சும்மா கொடுத்தால் லேபில் சதுரத்தின் தலையையோ காலையோ வெட்டிவிடுவார்கள். 6×4 வெள்ளைத் தாளாக ஒரு ஃபைல் உருவாக்கி, அதில் 4×4 படத்தை ஒரு பக்கமாக ஒட்டி, மீதி இரண்டங்குலத்தை வெள்ளையாக விட்டுக் கொடுத்தேன். சாதாரண பிரிண்ட் விலைதான். வெள்ளைப் பட்டையில் பேரும் தேதியும் பேனாவில் எழுதித் தந்ததில், சிலர் அதை அப்போதே கத்தரித்துவிட்டார்கள், ஃபிரேமுக்கு அடங்காதாம்.

தரையையா புடிக்குற என்று கேட்ட அம்மா, கலரில் இல்லையா என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் தன் மூக்குத்தி மின்னுவதைப் பார்த்துவிட்டு, இதையே பெரிசாகப் போட்டுத் தரச் சொன்னார். 8×8 அங்குலத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 2,400 பிக்சல் வேண்டும். என்னிடம் உள்ள சதுரத்தில் 3,500க்கு மேல் இருக்கிறது, தாராளம். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் போதும் என்று சொல்லி லேபில் கொடுத்தாயிற்று.